சேலத்துக் கணக்கு சாரின் பார்ட்டிஷன் வகுப்பு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

அஸ்தம்பட்டிவாசி:
எம்.எஸ்சி. மாணவர்களுக்கு எண் கோட்பாடு எடுக்கும்போது சார் தேற்றத்தில் தொடங்க மாட்டார். போர்டில் 4 என்று எழுதி, "எத்தனை விதமாப் பிரிக்கலாம், போட்டுப் பாருங்க" என்பார். ஓர் எண்ணை முழு எண்களின் கூட்டலாகப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன்; வரிசை மாறினால் வேறாகாது. 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5. அடுத்து 9க்கு 30. 14க்கு 135 என்பதை அவரே எழுதிவிடுவார். மூன்றும் 5ஆல் வகுபடுவது வகுப்பின் கண்ணில் படும்வரை காத்திருப்பார். நம்ம பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் பெயர் அதற்குப் பிறகுதான் வரும்: 4இலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால், பிரிக்கும் விதங்களின் எண்ணிக்கை எப்போதும் 5ஆல் வகுபடும் என்று 1919இல் வெளியிட்டவர்.

9க்கு எழுதும்போது பலருக்கு 27, 28இலேயே நின்றுவிடும். மனம்போன வரிசையில் எழுதுவதுதான் காரணம். பெரிய எண்ணில் தொடங்கி இறங்க வேண்டும். 3இல் தொடங்குபவை மட்டும் 7, 4இல் தொடங்குபவை 6. விடுபடுவது பெரும்பாலும் இங்கேதான். சார் பெஞ்ச் பெஞ்சாகப் போய் முதலில் அந்த வரிகளைத்தான் எண்ணுவார்.

ஓமலூர் கணிதன்:
அடுத்த வகுப்பு இன்னும் அருமை. அந்த 30ஐ ஆறாறாக ஐந்து கூட்டமாகப் பிரிப்பது எப்படி? பின்னாளில் இயற்பியலராகப் பெயர் பெற்ற ஃப்ரீமன் டைசன், இளைஞராக இருந்தபோது 1944இல் ஒரு வழி சொன்னார். பிரித்து எழுதிய ஒவ்வோர் எண்ணும் ஒரு பகுதி. மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது ரேங்க். 4க்கு 3, 1, 0, -1, -3 வரும். 5ஆல் வகுத்த மீதி 3, 1, 0, 4, 2. ஒவ்வொன்றும் ஒரே தடவை! -1க்கு மீதி 1 என்று எழுதுகிறவர்கள் உண்டு. மைனஸ் வந்தால் 5ஐக் கூட்ட வேண்டும். நிரல் எழுதுகிறவர்களும் கவனிக்கணும்: பைத்தான் 4 தரும், சி மொழி -1 தரும்.

5ஐப் பிரித்தால் வரும் 7க்கும், 7ஆல் வகுத்துப் பார்த்தால், இதே வழி பொருந்தும். ஆனால் 6ஐப் பிரித்தால் வரும் 11க்குப் பொருந்தாது. 11ஆல் வகுத்தால் மீதி 1 இரண்டு தடவை, 10 இரண்டு தடவை வரும். 4, 7 வரவே வராது. சார் அந்த இரண்டு காலி இடத்தையும் வட்டமிட்டு வைத்துவிட்டு, "இனிமேதான் ஆராய்ச்சி" என்பார். வேறொரு அளவு இருந்தே தீரும் என்று நம்பிய டைசன், அதைக் கண்டுபிடிக்கும் முன்பே 'கிராங்க்' என்று பெயர் வைத்தார். கணிதர்கள் ஆண்ட்ரூஸும் கார்வனும் அதை வெளியிட்டது 1988இல்.

ஏற்காடு அடிவாரம்:
கிராங்க் விதியையும் சேர்த்துவிடுகிறேன். 1 இல்லாவிட்டால் மிகப் பெரிய பகுதியே கிராங்க். 1 இருந்தால் எத்தனை 1 என்று எண்ணி, அந்த எண்ணைவிடப் பெரிய பகுதிகள் எத்தனையோ அதிலிருந்து 1களின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். 2+2+1+1இல் இரண்டு 1கள், 2ஐவிடப் பெரிய பகுதி இல்லை, ஆக -2. '2ம் அதற்கு மேலும்' என்று எண்ணினால் 0 வந்து 5+1 உடன் மோதும். சரியாகப் போட்டு 11ஆல் வகுத்தால் 6இன் பதினொன்றும் வெவ்வேறு மீதி தரும். பிஎச்.டி.க்குச் சேர வருகிறவர்களிடம் சார் முதலில் கேட்பது, கையால் போட்ட அந்தத் தாளைத்தான்.