பாய்மரப் படகில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது: பேட்டரியா, வயரா?

ஆயர் தாவார் மகள்:

வணக்கம். நானும் என் கணவரும் 32 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றில் குடியிருக்கிறோம். மலேசியாவின் மேற்குக் கரையில் பங்கோர், பினாங்கு, லங்காவி என்று தீவு தீவாக நங்கூரம் போட்டுத் தங்குகிறோம். இப்போது படகு பங்கோர் பக்கம் நிற்கிறது. அம்மாவைப் பார்க்க நான் மட்டும் ஃபெர்ரி ஏறி லூமுட் வந்து, ஆயர் தாவார் வீட்டில் இருக்கிறேன். கணவர் படகில்தான் இருக்கிறார். நீங்கள் சொல்லும் சோதனையை அவரை உடனே செய்யச் சொல்ல முடியும்.

பிரச்சினை ஃப்ரிட்ஜ். சமையல் மேடைக்கு அடியில், மேல்மூடி வைத்த பெட்டி. 12 வோல்ட் டான்ஃபாஸ் பிடி35 கம்ப்ரசர். மாலையில் நன்றாக ஓடுகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நின்றுவிடுகிறது. நின்றதும் சும்மா கிடப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடப் பார்க்கிறது, சில விநாடி உறுமுகிறது, நிற்கிறது. இப்படியே வெயில் ஏறும்வரை. கம்ப்ரசர் பக்கத்துச் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கும், இடைவெளி விடும், மறுபடி ஒரு தடவை மினுக்கும்.

பேட்டரி 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் இரண்டு. இன்ஜினுக்குத் தனி பேட்டரி. சோலார் 100 வாட் பலகை இரண்டு, படகின் பின்பக்கச் சட்டத்தில். ஃப்ரிட்ஜ் நிற்கும் நேரத்தில் சுவிட்ச் பலகை மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. எனக்குப் புரியாதது அதுதான். 12 இருக்கிறதே, ஏன் நிற்கிறது?

சித்தியவானில் ஒரு கடையில் இரண்டு பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள். எங்களுக்கு அது பெரிய தொகை. இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழிகிறது, மீன் வாங்கி வைக்கவே மனம் வரவில்லை. மாசி மகத்துக்குப் பத்திரகாளியம்மன் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அது முடிந்ததும் லங்காவிக்குக் கிளம்ப வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தோட்டத்துப் பட்டறை:

அம்மா, நான் செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர், லாரி, ஜென்செட் எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவன். படகு எனக்குத் தெரியாது. 12 வோல்ட் தெரியும். பேட்டரியை இப்போதே மாற்றாதீர்கள்.

மீட்டர் 12 காட்டுவது சுவிட்ச் பலகையில். கம்ப்ரசரின் கம்பி முனையில் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. மல்டிமீட்டரை எடுத்து, ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: பேட்டரி முனை, சுவிட்ச் பலகை, கம்ப்ரசர் முனை. ஓடாதபோது அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்டி ஏமாற்றிவிடும். கரண்ட் ஓடினால்தான் வழியில் விழுவது தெரியும். அப்படியே வயர் போகும் பாதை முழுக்கக் கையை வைத்துத் தடவிப் பார்க்கட்டும். எங்கே சூடாக இருக்கிறதோ அங்கேதான் திருடன்.

லங்காவி நங்கூரம்:

அண்ணன் சொன்னது சரி. நான் லங்காவித் தீவின் குவா ஊரில் படகு மின்வேலை செய்கிறேன். ஒரே ஒரு மினுக்கு என்றால் 'வோல்டேஜ் குறைவு, பேட்டரியைக் காக்க நிறுத்தினேன்' என்று அர்த்தம். இரண்டு மினுக்கினால் காற்றாடி, மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, ஐந்து என்றால் சூடு. அதனால் உங்கள் கம்ப்ரசர் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

அந்தக் கம்ப்ரசர் வழக்கமான அமைப்பில் 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிற்கும், 11.7 வந்தால் மறுபடி கிளம்பும். நின்றதும் கரண்ட் ஓடாது, அதனால் முனையில் வோல்டேஜ் மறுபடி 12க்கு ஏறிவிடும். அதை நம்பிக் கிளம்பும், கிளம்பியதும் விழும், நிற்கும். நீங்கள் கேட்கிற உறுமல் அதுதான். வயரின் நீளமும் தடிமனும் எவ்வளவு என்று பாருங்கள்.

ஈப்போ சோலார்:

இன்னும் 200 வாட் பலகை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் சகோதரி. இல்லையென்றால் சின்ன ஜெனரேட்டர் ஒன்று.

லங்காவி நங்கூரம்:

பலகை கூட்டுவது நல்லதுதான் சார், ஆனால் 32 அடிப் படகில் இடம் வேண்டும். பாய் விரித்துப் போகும்போது காற்றையும் அது பிடிக்கும். ஜெனரேட்டரை ராத்திரி நங்கூரத்தில் ஓட்டினால் பக்கத்துப் படகுக்காரர் தூங்க முடியாது. முதலில் அளந்துவிடுவோம்.

ஆயர் தாவார் மகள்:

அளந்துவிட்டார். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரி முனையில் 12.1, சுவிட்ச் பலகையில் 12.0, கம்ப்ரசர் முனையில் 10.5! பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாம். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், சுவிட்ச் பலகையிலிருந்து கம்ப்ரசர் வரை சுமார் 6 மீட்டர். நடுவில் ஒரு ஃபியூஸ் கூடு இருக்கிறது, அதைத் தொட முடியாத அளவு சூடு. திறந்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பொடியாக இருக்கிறது. படம் அனுப்பினார். கம்பியின் ரப்பரைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் கறுத்துப்போயிருக்கிறது.

தோட்டத்துப் பட்டறை:

பிடித்துவிட்டோம். சுவிட்ச் பலகைக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே 1.5 வோல்ட் காணாமல் போகிறது. போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர். நல்ல 2.5 வயரிலேயே 5 ஆம்பியருக்கு அரை வோல்ட் வரை விழும். மிச்சம் ஒரு வோல்ட்டை அந்தப் பச்சைப் பொடி தின்கிறது. உப்புக்காற்றில் செம்புக்கு வருவது அது. சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், வயரோடு தூக்கிப் போடுங்கள்.

லங்காவி நங்கூரம்:

6 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகக் கேளுங்கள், படகுச் சாமான் கடையில் கிடைக்கும். சாதாரண வீட்டு வயர் கடலில் சீக்கிரம் கறுத்துவிடும். கம்ப்ரசருக்கென்று தனி ஜோடியாக நேராகப் பேட்டரியிலிருந்து இழுங்கள். பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். முனைகளை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்தி, சூடு காட்டினால் சுருங்கும் பசையுள்ள குழாய் போட்டு மூடுங்கள்.

இதோடு விட்டுவிடக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. மோசமான வயர் இதுவரை உங்கள் பேட்டரியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. வயரை மாற்றியதும் ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடும், பேட்டரி 10.4 வரை இறங்கும். லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.1 பக்கம் வந்தால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி போனால் ஆயுள் போய்விடும். அப்போது கடைக்காரர் சொன்னபடி நிஜமாகவே புதுசு வாங்க வேண்டியிருக்கும். அதனால் வரவு செலவு பாருங்கள்.

நம் வெக்கையில் அந்த மாதிரிப் பெட்டி பாதி நேரத்துக்கு மேல் ஓடும். நாளுக்கு 60, 70 ஆம்பியர்-மணி அதற்கே. விளக்கு, காற்றாடி, போன் எல்லாம் சேர்த்தால் 90ஐத் தொடும். உங்கள் 200 வாட் பலகை நல்ல வெயிலில் 60 பக்கம் கொடுக்கும், மேகம் வந்தால் அதுவும் இல்லை. தினமும் கடன். நங்கூரத்தில் நிற்கும்போது ராத்திரி முழுக்க எரியும் நங்கூர விளக்கு பழைய குண்டு பல்பா? பலகை மேல் நிழல் விழுகிறதா? பெட்டியின் அடியில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறதா?

ஆயர் தாவார் மகள்:

பழைய 10 வாட் பல்புதான். மதியத்துக்குப் பிறகு ஒரு பலகையின் ஓரத்தில் பாய்க்கட்டையின் (பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் கட்டை) நிழல் விழும். ஓட்டை இருக்கிறது, இன்ஜினுக்குக் கீழே போகும் குழாய்.

லங்காவி நங்கூரம்:

ஓட்டையை முதலில் அடையுங்கள். குளிர்காற்று கனமானது, அந்தக் குழாய் வழியாக ராத்திரி பகலாக வழிந்துகொண்டே இருக்கும். ஒரு கார்க் போதும், கழுவும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பல்பை எல்இடி ஆக்கினால் ஒரு ராத்திரிக்கு 8 ஆம்பியர்-மணி போல மிச்சம். பாய்க்கட்டையைக் கயிறு கட்டி ஓரமாக இழுத்து வையுங்கள். பலகையில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அந்தப் பலகையின் வரவு பாதிகூடப் போய்விடலாம். கம்ப்ரசர் இருக்கும் அலமாரிக்குக் காற்று வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டை வெளியே தள்ள முடியாமல் அதே சூட்டைத்தான் அது சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே பனி விரல் கனம் கட்ட விடாதீர்கள்.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் சும்மா கிடைக்கும். அப்போது குளிரைக் கூட்டி, தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள். இருட்டினதும் குறைத்துவிடுங்கள். பாட்டில் ஐஸ் பாதி ராத்திரிவரை தாங்கும்.

பாகான் டத்தோ அக்கா:

தங்கச்சி, கரண்ட் கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் ஃப்ரிட்ஜ் வந்ததே ரொம்பப் பின்னால்தான். அந்தப் பெட்டியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தால் பாதி காலியாகிவிடும். முட்டையைக் கடையில் குளிரில் வைக்காததாகப் பார்த்து வாங்கு, கழுவாதே, வெளியிலேயே இருக்கும். பூசணி, கருணைக்கிழங்கு, சேனை, சின்ன வெங்காயம், இஞ்சி இதற்கெல்லாம் காற்றுதான் வேண்டும், வலைப்பையில் தொங்கவிடு. முட்டைக்கோஸை வெட்டாமல் வெளி இலையாகப் பிய்த்துச் சமை. கறிவேப்பிலையைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி, வாடினால் நிழலில் காயவைத்துப் பொடி பண்ணிவிடு. பங்கோர் நெத்திலி இருக்க உனக்கு என்ன குறை? சம்பாலை எண்ணெய் மிதக்க வதக்கினால் இரண்டு நாள் தாங்கும்.

மாவை மட்டும் பெரிய பானையில் அரைக்காதே. இரண்டு வேளைக்குக் கொஞ்சமாக அரை. படகுச் சூட்டில் அது நாலு மணியில் எழும்பிவிடும். கடையில் கொடுக்கும் அட்டைப்பெட்டியைக் கரையிலேயே போட்டுவிட்டு வா, அதன் மடிப்பில்தான் கரப்பான் முட்டை ஏறி வரும்.

ஆயர் தாவார் மகள்:

எல்லோருக்கும் நன்றி. நான் படகுக்குத் திரும்பிவிட்டேன். சித்தியவானில் இருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி வந்தோம், அவர் இழுத்து முடித்துவிட்டார். இப்போது ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில் 12.4, கம்ப்ரசர் முனையில் 12.2. ஓட்டையை அடைத்த அன்றே வித்தியாசம் தெரிந்தது, கம்ப்ரசர் அடிக்கடி ஓய்வெடுக்கிறது. எல்இடி மாட்டியாகிவிட்டது. அக்கா, பூசணியும் வெங்காயமும் வலைப்பையில் ஆடிக்கொண்டிருக்கின்றன, பெட்டியில் இடம் நிறைய. விடியும்போது பேட்டரி 12.2 காட்டுகிறது.

ஒரே ஒரு கவலை. ஏப்ரலுக்குப் பிறகு சுமாத்ரா என்னும் திடீர்ப் புயல்காற்று பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த ராத்திரி பேட்டரி இறங்கிப்போய், ரேடியோவும் நங்கூர விளக்கும் அணைந்துவிடக் கூடாது. அந்த 10.4ஐ உயர்த்த முடியுமா?

லங்காவி நங்கூரம்:

முடியும். கம்ப்ரசரின் மின்பெட்டியில் 'சி', 'பி' என்று இரண்டு முனை இருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்தால் நிற்கும் அளவை 11 வோல்ட்டுக்கு மேலே கொண்டுபோகலாம். எந்த மதிப்புக்கு எந்த வோல்டேஜ் என்று கையேட்டில் அட்டவணை உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள். நல்ல வயர் போட்ட பிறகு இதைச் செய்வதுதான் சரி, பழைய வயரில் செய்திருந்தால் சாயங்காலமே நின்றிருக்கும். 11 கூட ஓடும்போது தாழ்ந்த அளவுதான், அது கடைசிக் காவல். மேகமூட்டமான நாளில் படுக்கப் போகும்போது மீட்டரைப் பாருங்கள், 12.3க்குக் கீழே இருந்தால் ஃப்ரிட்ஜைக் கையால் அணைத்துவிடுங்கள். பாட்டில் ஐஸ் முடிந்தவரை தாங்கும்.

இன்ஜின் பேட்டரி தனியாக இருப்பது ரொம்ப நல்லது. இரண்டையும் இணைக்கும் சுவிட்ச் ராத்திரியில் 'இரண்டும்' என்ற இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பட்டறை:

பேட்டரித் தண்ணீரும் பாருங்கள் அம்மா. தகடு மூழ்கியிருக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், படகுத் தொட்டித் தண்ணீர் வேண்டாம்.