மறு: 'பாலின வஞ்சக வேறுபாடு' – வேறு சொல் பார்க்கலாமா?

> பெண்கள் இயல்பிலேயே கள்ளம் மிக்கவர்கள் என்ற கருத்துக்கு 'பாலின வஞ்சக வேறுபாடு' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வேண்டாம். பாடநூலில் இப்படிப் போட்டால் அப்படியொரு வேறுபாடு இருக்கிறது என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நாம் பெயர் வைக்க வேண்டியது நம்பிக்கைக்கு. வேறுபாடு என்று பார்த்தால், 2019இல் கெர்லாக் என்ற ஆய்வாளரின் குழுவினர், மக்கள் பொய் சொல்கிறார்களா என்று பார்த்த 565 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொய் சொன்ன ஆண்கள் ஏறக்குறைய 42 விழுக்காடு, பெண்கள் 38. சின்ன இடைவெளிதான், அதுவும் ஊர்ப்பேச்சுக்கு நேர் எதிர்த்திசையில்.

'நீலிக்கண்ணீர்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பழையனூர்க் கதையில் நீலி கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனைத் தன் கணவன் என்று ஊரார் முன் அழுது சாதிக்கிறாள், சரி. ஆனால் முற்பிறவியில் அவளைக் கட்டிக்கொண்டு நம்பவைத்துக் கொன்றவனே அவன்தானே? அந்தத் துரோகத்துக்கு மொழியில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை, இவள் கண்ணீர் மட்டும் அகராதி ஏறிவிட்டது. அரசியலில் காய் நகர்த்துகிற ஆணுக்குச் 'சாணக்கியன்' பட்டம், வீட்டுக்குள் அதையே செய்கிற மருமகள் 'சூழ்ச்சிக்காரி'.

'ஒரே வார்ப்பு' (stereotype) என்பது ரொம்பப் பொது. இதே கருத்துக்கு முன்பு இங்கே பரிந்துரையாக வந்த 'வஞ்சப் பாலேற்றம்' எனக்குப் பால் லாரியைத்தான் நினைவூட்டுகிறது, மன்னிக்கவும்.

என் பரிந்துரை 'பாலின வஞ்சச்சாட்டு'. குற்றச்சாட்டு என்றதுமே 'இன்னும் நிரூபிக்கவில்லை' என்பது நமக்குத் தானாகத் தோன்றுகிறதல்லவா, அந்தச் 'சாட்டு' இங்கேயும் அதே வேலையைச் செய்யும். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பாலியல் வல்லுறவு வழக்கில், புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைக்க இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு இடம் கொடுத்தது, 2003இல் நீக்கப்படும்வரை வஞ்சச்சாட்டு சட்டத்திலேயே இருந்தது." உறுத்தாமல் உட்காருகிறது.

'பெண்' என்று போடாமல் 'பாலின' என்று வைத்ததற்கும் காரணம் உண்டு, ஆம்பளைங்க எல்லாருமே ஏமாத்துக்காரங்க என்று மொத்தமாகச் சொல்வதும் இதில் அடங்க வேண்டும். அப்புறம், வஞ்சச்சாட்டைச் சேர்த்தே எழுதுவோம், பிரித்தால் வஞ்சம் யாருடையது என்று குழப்பம் வரும். 'வஞ்சகச்சாட்டு' இதைவிடத் தெளிவு என்று யாராவது நினைத்தால் சொல்லுங்கள், எனக்கு அது ஓர் அசை நீளம்.