ஊதா மரமும் ஆரஞ்சுக் கட்டையும்: ஹாக்னி படங்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

லீட்ஸ்வாசி

'விண்டர் டிம்பர்' பற்றித்தான் கேட்கிறேன். பெயர் நினைவில்லாவிட்டாலும் படம் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். வெட்டிய கட்டைகள் காட்டுவழி ஓரம் வரிசையாகக் கிடக்கும், பக்கத்தில் ஒரு மொட்டை மரம், பின்னால் நீல நீலமாக மரங்கள். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 2009இல் வரைந்தது. 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் அவருடைய யார்க்‌ஷயர் நிலக்காட்சிகளை வைத்தார்களே, அங்கே பார்த்தேன். டிக்கெட் நண்பன் எடுத்தது, நான் சும்மா கூடப் போனேன்.

15 கேன்வாஸ் சேர்ந்து ஒரே படம். 20 அடி அகலம். அந்த மொட்டை மரம் கத்தரிப்பூ நிறம், அதுவும் லேசாக இல்லை, முழுசாக. கட்டைகளைக் கேசரிப் பவுடரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. எதிரே நின்றபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். குளிர்கால இங்கிலாந்தில் இந்த நிறமெல்லாம் ஏது? "பாதி வாழ்நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தவர், அந்த ஊர் வெயிலைக் கொண்டுவந்து இங்கே பூசிவிட்டார்" என்றான் நண்பன்.

அப்புறம் எனக்கு வேலை அதே யார்க்‌ஷயரில் இருக்கும் லீட்ஸுக்கு மாறியது. ஒரு பிப்ரவரியில் கால்வாய்ப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் ஆல்டர் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆல்டர் வெட்டியவுடன் வெளுப்பாகத்தான் இருக்குமாம், காற்றுப் பட்டதும் வெட்டுவாய் ஆரஞ்சாகிவிடுமாம். இதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று மணிக்கே சாய்ந்துவிட்ட வெயிலில், ஈரத்தோடு, அந்தக் கட்டைகள் அப்படி எரிந்தன. நிமிர்ந்தால் எதிர்க்கரை மரங்களில் இலை ஒன்றுகூட இல்லை, கிளை நுனியெல்லாம் ஊதா. ஆல்டர் மொட்டுக்குக் குளிர்காலத்தில் அந்த நிறம் உண்டு. போனை எடுத்துப் படம் பிடித்தேன். போனில் எல்லாமே பழுப்பு.

அன்றிலிருந்து மண்டைக் குடைச்சல். அவர் கூட்டிப் போட்டாரா, உள்ளதைத்தான் போட்டாரா? உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

பழைய லண்டன்காரன்

அதே கண்காட்சிக்கு நானும் போனேன். உள்ளே பாதி நேரம் மற்றவர்கள் தலைதான் தெரிந்தது.

எனக்கு நெருடுவது ஐபேட் அறை. யார்க்‌ஷயரில் வோல்ட்கேட் என்ற சாலையில் வசந்தம் வருவதை ஹாக்னி 2011 ஜனவரியிலிருந்து ஐபேடில் வரைந்துகொண்டே போய், 51 படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார்கள். கூடவே 32 கேன்வாஸில் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். ஐபேடில் நிறம் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சமாக வருகிறது. அதைக் காகிதத்துக்கு இறக்கினால் வெளிச்சம் போய்விடும், மை மட்டும் நிற்கும். பச்சை கத்துகிறதே தவிர ஒளிரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் திரையில் இழுத்த கோடு, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். தூரிகை இப்படி இழுக்காது.

ஆனால் வீடியோ அறை வேறு கதை. ஒன்பது கேமராவை வண்டியில் கட்டி, அதே காட்டுப் பாதையில் மெல்ல ஓட்டி எடுத்தது. பருவத்துக்கு ஒன்பது திரை. கோடைத் திரைகள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஓவிய அறைக்கு வந்தேன். சற்று முன் கண்ணைக் குத்திய பச்சை இப்போது சாதாரணமாகத் தெரிந்தது! படம் மாறவில்லை, பத்து நிமிடத்தில் என் கண்தான் மாறியிருந்தது. இது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

லீட்ஸ்வாசி, போனில் பழுப்பாக வந்ததற்கு ஒயிட் பேலன்ஸ்தான் காரணம், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு. ஆட்டோவில் வைத்திருப்பீர்கள். அதை வைத்து ஹாக்னிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தூரிகை வாத்தியார்

நான் பார்த்தது பாரிஸ் ஆரஞ்சரி மியூசியத்தில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. பிரான்ஸின் நார்மண்டியில் ஹாக்னி ஒரு வருடம் முழுக்க ஐபேடில் வரைந்ததையெல்லாம் கோத்து 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே படம். நடந்துகொண்டே பார்க்க வேண்டும். மழை வரும் இடத்தில் என் மனைவி கையிலிருந்த குடையைத் தூக்கிப் பிடித்தார், விளையாட்டுக்குத்தான். காவலாளி முறைத்தார். மோனேயின் அல்லிக்குள ஓவியங்களும் அதே கட்டடத்தில்தான் இருக்கின்றன, ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரம் ஊதாவா இல்லையா என்று தேடுவது வீண் வேலை. அந்த மரம் ஊதாவானதற்குப் பக்கத்தில் கிடக்கும் கட்டையும் ஒரு காரணம். மஞ்சளுக்கு அருகில் சாம்பல் நிறத்தை வைத்துப் பாருங்கள், சாம்பலில் ஊதா தட்டும். ஆரஞ்சுக்கு அருகில் வைத்தால் நீலம் தட்டும். பிரான்ஸில் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரோல் என்ற வேதியியலாளர் 1839இலேயே இதைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்ததாம். சோதித்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம் செய்த வேலை. கண்ணுக்கு லேசாகத் தட்டுவதை ஹாக்னி டியூபிலிருந்து முழுசாக எடுத்துப் போடுகிறார், அவ்வளவுதான்.

புதிதாக வரைகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் டியூப் பச்சையை வாங்காதீர்கள். தாலோ பச்சை 1930களில் வந்த சாயம், ஒரு பொட்டு போட்டாலே தட்டு முழுக்கப் பரவிவிடும். எலுமிச்சை மஞ்சளும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து உங்கள் பச்சையை நீங்களே உண்டாக்குங்கள், துளி சிவப்பு சேர்த்தால் அடங்கும். இரண்டாவது, ஒரு சாம்பல் அட்டையில் பட்டாணி அளவு ஓட்டை போட்டு அது வழியாக மரத்தைப் பாருங்கள். "இது மரம்" என்று மூளை சொல்வது நின்று, நிறம் மட்டும் தெரியும். தென்னை மட்டையில் எத்தனை நீலம் இருக்கிறது என்று அப்போது புரியும், வானம் முழுக்க அதில்தான் விழுகிறது. மூன்றாவது, நிழலுக்குக் கறுப்பு போடாதீர்கள். நான்காவது, படம் முழுக்க உரத்த நிறம் போட்டால் எதுவுமே உரக்கக் கேட்காது. 'விண்டர் டிம்பரில்'கூடப் பின்னணி மரங்கள் குளிர்ந்த நீலத்தில் ஒதுங்கி நிற்பதால்தான் முன்னால் கிடக்கும் கட்டை பாய்கிறது. ஐந்தாவது, மதியம் 12 மணிக்கு வெளியே உட்கார்ந்து வரையாதீர்கள். நம் ஊரில் அந்த நேரம் உச்சி வெயில் நிறத்தையெல்லாம் வெளுத்துவிடும். காலை எட்டுக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல்.

தமால்பயஸ் மணி

வாத்தியார் ஐயா, நல்ல தகவல்கள். ஆனால் இங்கே யாரும் வரையக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்ட மாதிரித் தெரியவில்லையே :)

லீட்ஸ்வாசிக்கு நடந்ததன் தலைகீழ் என் கதை. எட்டெல் அட்னான் தெரியுமா? பெய்ரூட்டில் பிறந்த கவிஞர். கலிபோர்னியா வந்து, சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஜன்னலில் தமால்பயஸ் மலை தெரியும் வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஒரே மலையை வருடக்கணக்காக வரைந்தவர். 2021 கடைசியில் நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அது நடந்துகொண்டிருந்தபோதே, அந்த நவம்பரில், 96 வயதில் பாரிஸில் இறந்துபோனார். செய்தி படித்த பிறகுதான் நான் போனேன்.

லேப்டாப் அளவு கேன்வாஸ். மேசையில் படுக்க வைத்து, டியூபிலிருந்து பிதுக்கி, கத்தியால் ஒரே இழுப்பு. மலை ஒரு ரோஸ் பட்டை, வானம் பிஸ்தா பச்சை, மூலையில் ஒரு சிவப்புச் சதுரம். சதுரத்தின் ஓரத்தில் கத்தி நின்ற இடத்தில் வண்ணம் மேடு கட்டியிருந்தது. அந்த மேட்டின் நிழல் ரோஸ் மேல் விழுகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் தினமும் ரிச்மண்ட் பாலத்தில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். சாம்பல் நீலமாக இருக்கும், பனிமூட்டத்தில் இல்லாமலே போகும், மழைக்குப் பின் பச்சை, கோடையில் வைக்கோல். ரோஸ்? ஒரு நாளும் இல்லை. பார்ப்பேன் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் அவர் படத்தைக் காட்டி இது எந்த மலை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஆக, "நிஜத்தில் அந்த நிறம் இருந்தது, அதனால் ஓவியர் ஜெயித்தார்" என்ற உங்கள் கணக்கு எனக்கு உதவவில்லை, லீட்ஸ்வாசி.

தேரிக்காடன்

திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். தேரி மண் எப்படிச் சிவப்பு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மகள் பள்ளியில் ஊரை வரையச் சொல்லியிருக்கிறார்கள். தரையைச் சிவப்பு கிரேயானில் அழுத்தி அழுத்தித் தேய்த்து, பனைக்குக் கறுப்பு போட்டிருந்தாள். "மண் பிரவுன், மரம் பிரவுன்" என்று மேலே பேனாவால் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் அதே சிவப்பு மண்தான். அந்தக் காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஹாக்னி யார் என்று இந்த இழையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், நன்றி.

அடையாறு ஆனந்தி

எல்லோரும் வெளிநாட்டிலேயே சுற்றுகிறீர்களே. அச்சுதன் கூடல்லூர் படம் ஒன்றைச் சென்னையில் ஒரு காலரியில் பார்த்தேன், மூன்று நாள் தூக்கம் போயிற்று. கேரளத்தில் பாரதப்புழைக் கரைக் கிராமத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து, எழும்பூர் ஓவியக் கல்லூரியில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரத்தில் கற்றுக்கொண்டவர். 2022இல் காலமானார்.

ஆள் உயரப் படம், முழுக்கச் சிவப்பு. மரம் இல்லை, ஆறு இல்லை, அடிவானம்கூட இல்லை. சிவப்புக்குள் ஓரிடத்தில் மட்டும் பாசிப் பச்சை, உள்ளங்கை அளவு, மேல் பூச்சைச் சுரண்டி அடியிலிருந்து எடுத்த மாதிரி. அந்தப் பச்சையைப் பார்த்ததும் மூக்கில் ஈர மண் வாசனை வந்தது. ஏசி அறையில்! கூட வந்த தம்பி, "அக்கா, இதில் இயற்கை எங்கே இருக்கிறது?" என்றான். பதில் சொல்ல வரவில்லை, கையைப் பிடித்து அந்தப் பச்சைக்கு முன்னால் நிறுத்தினேன். "பாசி" என்றான்.

ஹாக்னி மரத்தை வரைந்துவிட்டு அப்புறம் நிறத்தை ஏற்றுகிறார். இவருக்கு மரமே தேவைப்படவில்லை. இதுதான் பெரிய வேலை என்பது என் கட்சி.

பழைய லண்டன்காரன்

ஆனந்தி, உருவத்தை விட்டுவிட்டால் எந்தச் சிவப்பையும் இயற்கை என்று சொல்லிக்கொள்ளலாமே. சுவரொட்டி கிழிந்த சுவரும் அப்படித்தான் இருக்கும். ரோமானியச் சாலையோர ஹாதார்ன் பூக்களை ஹாக்னி வரைந்த படத்தைப் பாருங்கள், 2009இல் போட்டது. ஹாதார்ன் என்பது வெள்ளைப் பூ பூக்கும் முள்செடி. வெள்ளையைத் தடிதடியாக அப்பியிருக்கிறார், செடியே புதரைவிட்டு எழுந்து வருகிறது. ஹாதார்ன் சில நாள்தான் அப்படி வெடித்துப் பூக்கும், அந்த நாள்களில் விடியும் முன்பே சாலையில் நிற்பாராம். செடியைத் தெரிந்தவன்தான் அந்த அளவுக்குக் கூட்ட முடியும்.

அடையாறு ஆனந்தி

சுவரொட்டி கிழிந்த சுவர் முன்னால் எனக்கு மண் வாசனை வந்ததில்லை அண்ணா.

லீட்ஸ்வாசி

மணி சொன்னதை யோசித்துக்கொண்டே வோல்ட்கேட் பக்கம் போய்வந்தேன். பிரிட்லிங்டனிலிருந்து நேர் சாலை. சாலை இருக்கிறது, அந்த ஊதா மொட்டை மரம் இல்லை. 2012 நவம்பரிலேயே யாரோ அதன் மேல் பெயின்ட் கிறுக்கி, பிறகு ரம்பத்தால் அறுத்துச் சாய்த்துவிட்டார்களாம். கண்காட்சி முடிந்த அதே வருடம். ஊரில் விசாரித்தால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

விழுந்து கிடந்த அந்த மரத்தையும் ஹாக்னி வரைந்திருக்கிறார், கரியால். ஒரு துளி நிறம் கிடையாது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

தமால்பயஸ் மணி

அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம், 2013இல், அதே சாலையில் வசந்தம் வருவதை மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்த முறை 25 படமும் கரிதான். சான்பிரான்சிஸ்கோ டி யங் மியூசியத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன். வெயில் விழும் இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுகிறார், தேங்கிய தண்ணீரில் கிளை நிழல் மட்டும் கறுப்பு. என் பக்கத்தில் நின்ற பெண்மணி தோழியிடம், அந்தப் புல் என்ன பச்சை பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து!

நிறம் போடத் தெரிந்தவர் நிறத்தை எடுத்துவிட்டும் அதே சாலையைக் காட்டுகிறார் என்றால், உங்கள் "கூட்டிப் போட்டாரா, உள்ளதைப் போட்டாரா" கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

தூரிகை வாத்தியார்

கரி என்றதும் ஞாபகம் வந்தது. வில்லோ கரிதான் வாங்க வேண்டும், அழுத்திச் செய்த கரி வேண்டாம், அழியாது. காகிதம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். முதல் ஆறு மாதம் நிறத்தைத் தொடவே கூடாது என்பதுதான் என் மாணவர்களுக்கு நான் சொல்வது. தேரிக்காடன், உங்கள் மகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சிவப்பை அப்படியே விட்டுவிடுங்கள், பேனாவால் எழுதியதை மட்டும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்து ஃபிரேம் போடுங்கள்.

தேரிக்காடன்

தாள் ஒட்ட மாட்டேன் ஐயா. அதுவும் இருக்கட்டும், வளர்ந்து பார்த்துக்கொள்வாள்.