அம்மாவின் சீதனக் காணிக்குத் திரும்ப விரும்புகிறேன்

கேள்வி (ரொறன்ரோவிலிருந்து):

1990 ஆனியில் எமது குடும்பம் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. வளர்ந்தது, படித்தது, வேலை செய்வது எல்லாம் கனடாவில்தான். மாவிட்டபுரத்தில் உள்ள எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) வளவு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. நெடுங்காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த அந்தக் காணி விடுவிக்கப்பட்ட பின்பும் அதைப் பார்க்காமலேயே அம்மா சென்ற ஆண்டு காலமானார். அப்பா அவருக்கு முன்பே போய்விட்டார். மரண சாசனம் இல்லை. அங்கே சிறு வீடு கட்டி நிரந்தரமாகக் குடியிருக்க விரும்புகிறேன், அண்ணாவோ தன் பங்கை விற்க நினைக்கிறார். கனேடியக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ள எனக்கு அங்கே உரிமை உண்டா? வீடும் வேலியும் அழிந்த வளவில் எங்கிருந்து தொடங்குவது? ஊரார் என்னை அந்நியராகப் பார்ப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் (யாழ்ப்பாணத்திலிருந்து):

சகோதரிக்கு, இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாக வரும் காணிக்கு விலக்கு அளிக்கிறது. எனவே அம்மாவின் வளவு உங்கள் இருவருக்கும் பிரிபடாத பங்குகளாகச் சேரும். அண்ணாவின் பங்கை விலைக்கு வாங்குவது வேறு விடயம். வெளியாருக்கு விற்பதற்கு முன் கூட்டுரிமையாளரான உங்களுக்கு அவர் அறிவிக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் விதி. ஆயினும் வெளிநாட்டவராக நீங்கள் வாங்கினால் அதே சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், அதுவரை விற்காமல் பொறுத்திருக்கும்படி அண்ணாவைக் கேளுங்கள்.

பதில் (சுவிஸிலிருந்து திரும்பி, தெல்லிப்பழையில் குடியிருப்பவர்):

தங்கச்சி, எங்கள் வளவை எனக்கு அடையாளம் காட்டியது காணி உறுதிப் பத்திரம் அல்ல, கிணறுதான். வீடு இருந்த இடத்தில் பற்றை மண்டிக் கிடந்தது. அயலில் இருந்த ஒரு முதியவர் கிணற்றுக் கட்டைப் பார்த்தவுடன், அங்கிருந்து எத்தனை எட்டில் எங்கள் அடுக்களை இருந்தது என்று நடந்தே காட்டினார். அதன் பிறகுதான் பழைய வரைபடத்துடன் நில அளவையாளரை அழைத்தோம். எல்லை அளக்கும் நாளில் நான்கு பக்கத்து அயலாரும் நிற்பது மிக முக்கியம்; பின்னாளில் வரும் பிணக்குகளில் பாதி அன்றே தீர்ந்துவிடும். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின், குடிப்பதற்கு முன் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு தீங்கான அளவுக்கு மிகுந்த இடங்கள் பல உள்ளன.

வருவதானால் ஆடியில் வாருங்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்துடன் நிறைவுறும். சிதறிப்போன ஊரவர் பலர் அப்போது வருவார்கள். "நீர் ஆற்றை (யாருடைய) பிள்ளை?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு அதற்கு மேல் எந்த அறிமுகமும் தேவைப்படவில்லை.

கேட்டவரின் மறுமொழி:

இருவருக்கும் நன்றி. அண்ணா ஓராண்டு பொறுக்க உடன்பட்டிருக்கிறார். கிணற்றடியில் ஒரு துவைகல்லும், அதற்கு மேற்கே புளியமரமும் இருந்ததாக அம்மா அடிக்கடி சொல்வார். வருகிற ஆடியில் அவற்றைத் தேடி வருகிறேன்.