ஸ்பெயின் கால்பந்து லீகான லா லிகாவில் ஆடும் வெளிநாட்டு வீரர்கள்: நேரில் பார்த்து இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கணம் இருந்தா எழுதுங்க

துரியா கரை

2023 மே 21, வலென்சியா அணியோட மெஸ்தாயா மைதானம். ரியல் மாட்ரிட்டோட பிரேசில் வீரர் வினிசியஸைப் பார்த்து ஸ்டாண்டிலிருந்து குரங்குன்னு கத்தினது இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். அப்ப நான் வலென்சியாவில் மேற்படிப்பு முடிக்கிற நேரம். வினிசியஸ் கோல் கம்பத்துக்குப் பின்னாடி கெம்பெஸ் ஸ்டாண்டைப் பார்த்து விரலை நீட்டினப்ப நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். அவர் முகம் தெரியல. அந்த விரல் மட்டும் தெரிஞ்சது. ஆட்டம் நின்னுது, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வந்தது, மறுபடி ஆரம்பிச்சாங்க.

எனக்கு உறுத்துறது அது இல்ல. பக்கத்து சீட்டில் ஒரு தாத்தா, எழுபது வயசு இருக்கும். முதல் பாதி முழுக்க எனக்குப் பீப்பாஸ் கொடுத்துட்டே இருந்தார். உப்புப் போட்டு வறுத்த சூரியகாந்தி விதை. அங்க மேட்ச் முடியும்போது காலடியில் அந்தத் தோல் குவிஞ்சு கிடக்கும். எந்த ஊர், என்ன படிக்கிறே, சாப்பாடு ஒத்துக்குதான்னு அக்கறையா கேட்டார். வலென்சியாவுக்கு டியேகோ லோபெஸ் கோல் போட்டப்ப என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். சொந்தத் தாத்தா மாதிரி இருந்தது.

கடைசியில், 97ஆவது நிமிஷம்னு நினைவு, வினிசியஸுக்குச் சிவப்பு அட்டை. (அந்த அட்டையை அப்புறம் ரத்து பண்ணிட்டாங்க.) அவர் வெளியே நடந்து போறார், அரங்கமே எழுந்து நிக்குது. தாத்தாவும் எழுந்தார். ரெண்டு விரலை வாயில் வச்சு விசில் அடிச்சார், மூச்சு முட்ட. குரங்குன்னு கத்தினவங்களில் அவர் இல்ல, அதை நான் சத்தியமா சொல்வேன். ஆனா யாரைப் பார்த்து அந்த விசில்? அடிச்சு முடிச்சு உட்கார்ந்தார். பீப்பாஸ் பொட்டலத்தை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.

நான் கை நீட்டி வாங்கிக்கிட்டேன். என் கையும் வினிசியஸ் கையும் ஒரே நிறம்.

பாரிஸ் 18

தம்பி, உங்கடை பதிவை வாசிச்சுப்போட்டு எனக்கு நித்திரை வரேல்லை. என்ரை கதை சின்னன்.

2006 மே 7, ரியல் மாட்ரிட்டின்ரை பெர்னபேயு மைதானம். சிடான் சொந்த மைதானத்திலை ஆடின கடைசி ஆட்டம். வில்லாரியலோடை 3-3, அவரும் ஒரு கோல் போட்டவர். அண்டைக்கு ரியல் மாட்ரிட் ஆக்களின்ரை சட்டையிலை சின்னத்துக்குக் கீழை அவரின்ரை பேரும் 2001-2006 எண்டும் எழுதியிருந்தது. சனம் முழுக்க நன்றி சொல்லுற அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டது.

நான் பிரான்சுக்கு வந்தது எண்பதுகளின்ரை கடைசியிலை. மகன் வளர்ந்த மாடிக் கட்டிடத்திலை அல்ஜீரியா ஆக்கள், மாலி ஆக்கள், பிறகு நாங்கள். சிடானும் அப்பிடி ஒரு இடத்திலை, மார்செயின்ரை கஸ்தெலான் அடுக்குமாடியிலை, அல்ஜீரியாவிலை இருந்து வந்த தாய் தேப்பனுக்குப் பிறந்து வளர்ந்தவர். அதுக்காகவே காசு சேர்த்து மகனை மாட்ரிட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அவனுக்கு அப்ப பதினொரு வயது.

ஆட்டம் முடிய சிடான் ரிக்கெல்மேயோடை சட்டை மாத்தினார். அப்ப மகன் என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக் கேட்டான்: "அப்பா, இவர் இஞ்சையும் வெளிநாட்டுக்காரர்தான். அங்கையும் வெளிநாட்டுக்காரரோ?"

சனத்தின்ரை சத்தத்திலை கேக்காத மாதிரி நிண்டிட்டன். அவன் திருப்பிக் கேக்கேல்லை. இப்ப அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கு.

நெர்வியோன்

2024 ஏப்ரல் 11, பில்பாவோ. கோப்பை வென்ற அணியை ஏற்றிக்கொண்டு கபாரா படகு ஆற்றில் இறங்கிய நாள். சேவியாவில் மயோர்காவைப் பெனால்டியில் வென்று, அத்லெதிக் பில்பாவோவுக்கு 1984க்குப் பிறகு முதல் தடவை கோபா தெல் ரே கோப்பை. நாற்பது வருடம் காத்திருந்த ஊர் இரண்டு கரையிலும் வந்து நின்றது. எங்கள் அலுவலகத்தில் அன்று யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

நான் நின்ற இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர், துப்புரவு வேலைக்கான பச்சை மேலாடையைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கானாக்காரர். ஃபோனில் அம்மாவை வீடியோவில் அழைத்து, திரையை ஆற்றுப் பக்கம் திருப்பித் தலைக்கு மேலே பிடித்திருந்தார். படகில் வந்த அணி வீரர் இன்யாக்கி வில்லியம்ஸைக் காட்டுவதற்காக. இன்யாக்கியின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாராவை நடந்து கடந்து, மெலில்லா வேலி ஏறி உள்ளே வந்தவர்கள். அவர்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

அவ்வளவு கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்? படம் அப்படியே உறைந்துவிட்டது. திரையில் அந்த அம்மாவின் பாதி முகமும் ஒரு சுவரும் மட்டும் இருந்தன. பின்னால் நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படகு எங்களைக் கடந்து பாலத்துக்கு அப்பால் போகும் வரை கையை இறக்கவே இல்லை. தோளைத் தொட்டுச் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லவில்லை. படகு போன பிறகு அவர் ஃபோனை இறக்கிப் பார்த்தார். அதற்குள் நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வரிசை 14

நெர்வியோன், எழுதினது அருமை. ஆனா இன்யாக்கி இந்த இழையிலேயே வர மாட்டார். அவர் பில்பாவோவில் பிறந்தவர். பாஸ்க் மண்ணில் பிறந்தவங்க, வளர்ந்தவங்க மட்டும்தான் அத்லெதிக்குக்கு ஆட முடியும். அவரை வெளிநாட்டு வீரர்னு சொன்னா, அவர் வாழ்நாள் முழுக்க மறுத்துட்டு வர்றதை நாமே சொன்ன மாதிரி ஆயிடும்.

சட்டப்படி பார்த்தா கணக்கே வேற. ஒரு அணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து மூணு பேருக்குத்தான் இடம். பிரெஞ்சுக்காரர், போர்த்துகீசியர் யாரும் அந்தக் கணக்கில் வர மாட்டாங்க. ஆப்பிரிக்க நாடுகள் பலதோட வீரர்களுக்கும் ஒப்பந்தம் வழியா விலக்கு இருக்கு. தென்னமெரிக்கர்கள் ரெண்டு வருஷம் ஸ்பெயினில் இருந்தா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வினிசியஸ் 2018இல் வந்து 2022இல் வாங்கிட்டார். ஜப்பான்காரருக்கும் கொரியாக்காரருக்கும் நமக்கும் பத்து வருஷம்.

ஜப்பான் வீரர் குபோவைப் பாருங்க. பத்து வயசில் பார்சிலோனாவோட லா மாசியா பயிற்சிப் பள்ளிக்கு வந்த பையன். பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சேர்த்ததில் விதிமீறல்னு ஃபிஃபா அந்த கிளப்பைத் தண்டிச்சது, 2015இல் குபோ ஜப்பான் திரும்ப வேண்டியதாச்சு. 2019இல் ரியல் மாட்ரிட் கூப்பிட்டுது. அங்க மூணு இடமும் பிரேசில்காரங்க கையில். அதனால மயோர்கா, வில்லாரியல், ஹெதாஃபே, மறுபடி மயோர்கான்னு இரவல் ஆட்டம். 2022இல் ரியல் சொசியேதாத் வாங்கின பிறகுதான் ஒரே இடத்தில் நின்னார்.

என் கதை இவ்வளவுதான்: சொசியேதாத்தோட அனோயெத்தா மைதானத்தில் கோட்டுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தேன். குபோ கூட ஆடுறவர்கிட்ட பின்னாடி ஆள் வர்றான்னு கத்தினார். அந்த ஸ்பானிஷில் வெளியாள் வாடையே இல்ல. சின்ன வயசிலேயே நாக்கில் ஏறின மொழி. அந்தக் குரலைக் கேட்டப்ப தொண்டை அடைச்சுது. நான் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷம். இன்னும் மூணு இருக்கு.

நெர்வியோன்

வரிசை 14, அவர் பில்பாவோக்காரர் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் 2022 முதல் அவர் கானாவுக்கு ஆடுகிறார். தம்பி நிக்கோ ஸ்பெயினுக்கு ஆடுகிறார். ஒரே அம்மா, ஒரே வீடு. என் முன்னால் நின்றவர் தன் அம்மாவுக்குக் காட்ட நினைத்தது எந்த நாட்டுக்காரரை என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது, நானும் முடியாது. உங்கள் மூன்று வருடம் சீக்கிரம் முடியட்டும்.

வௌவால் கொடி

துரியா கரை தம்பிக்கு. நான் பதினாறு வருஷமா வலென்சியாவில் இருக்கேன், அந்த கிளப்தான் எனக்கு எல்லாம். அன்னைக்கு நடந்ததை நியாயப்படுத்த வரல. அது கேவலம். ஆனா மெஸ்தாயாவை மட்டும் கூண்டில் நிறுத்தினா கதை பாதிதான்.

2006 பிப்ரவரியில் ஸரகோஸாவில் பார்சிலோனா வீரர் எத்தோ, இனவெறிக் கூச்சல் தாங்காம, போதும்டான்னு மைதானத்தை விட்டு வெளியே நடந்தார். கோச் ரைக்கார்டும் கூட ஆடின ரொனால்டினியோவும் கெஞ்சி நிறுத்தினாங்க. 2014இல் வில்லாரியலில் பார்சிலோனாவோட ஆல்வெஸ் மேல வாழைப்பழம் எறிஞ்சாங்க. 2021 ஏப்ரலில் காடிஸில் எங்க வீரர் தியாகாபியை இனத்தைச் சொல்லித் திட்டினதா புகார் வந்தப்ப, மொத்த அணியும் களத்தை விட்டு வெளியே போனது எங்க வலென்சியாதான். அவமதிச்சதா வினிசியஸ் விரல் நீட்டின அந்த ஸ்டாண்டுக்கு வச்சிருக்கிற பேர் யாரோடது? மாரியோ கெம்பெஸ், அர்ஜென்டினாக்காரர். ரெண்டு சீசன் தொடர்ந்து லீகிலேயே அதிக கோல் போட்டவர். கொரியாவோட லீ காங்-இன் பத்து வயசில் இங்க வந்தப்ப இந்த ஊர் தூக்கித்தான் வளர்த்தது.

தண்டனையும் கிடைச்சுது. அந்த ஸ்டாண்டை அஞ்சு ஆட்டத்துக்கு மூடச் சொல்லி, அப்பீலில் மூணா குறைச்சாங்க. 2024 ஜூனில் மூணு பேருக்கு எட்டு மாசம் சிறைத் தண்டனை, ரெண்டு வருஷம் மைதானத் தடை. ஸ்பெயினில் கால்பந்து மைதான இனவெறிக்கு வந்த முதல் தீர்ப்பு அது.

இனிமே போறவங்களுக்குச் சொல்றேன். பக்கத்தில் யாராவது அந்த மாதிரி கத்தினா அவங்களோட வாக்குவாதம் வேண்டாம். வரிசையும் இருக்கை எண்ணும் பார்த்து வச்சுக்கிட்டு, படிக்கட்டில் நிக்கிற பாதுகாப்பு ஆள்கிட்ட உடனே சொல்லுங்க. ஆட்டம் முடிஞ்ச பிறகு சொன்னா பிரயோஜனம் இல்ல. டிக்கெட் கிளப்போட தளத்தில் மட்டும் வாங்குங்க. ஆட்டம் எந்த நாள், எத்தனை மணின்னு சில வாரம் முன்னாடிதான் உறுதி ஆகும், அதுக்கு முன்னாடி விமான டிக்கெட் போட்டுட்டு அழாதீங்க. ராத்திரி ஒன்பது மணி ஆட்டம்னா முடிய பதினொண்ணு ஆயிடும், கடைசி மெட்ரோ எத்தனை மணிக்குன்னு முதல்லயே பார்த்து வைங்க. தண்ணி பாட்டில் மூடியை வாசலிலேயே வாங்கிடுவாங்க. உள்ளே ஆல்கஹால் இல்லாத பீர்தான். இடைவேளைக்கு எல்லாரும் போல வீட்டிலிருந்து ஒரு பொகாதியோ (ஸ்பானிஷ் சாண்ட்விச்) சுத்தி எடுத்துட்டுப் போங்க. எதிரணிச் சட்டையோட உள்ளூர் ரசிகர் பகுதியில் உட்காராதீங்க, குழந்தை கூட இருந்தா கண்டிப்பா வேண்டாம்.

என் அனுபவம்னு கேட்டா, அந்த மூடின ஸ்டாண்டில்தான் எனக்கு வருஷச் சீட்டு. வீட்டில் டிவியில் பார்த்துட்டு இருந்தேன். கேமரா அந்தக் காலி நாற்காலிகள் மேல போனப்ப என் பொண்ணு எழுந்து போய், திரையில் என் சீட் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினா.

துரியா கரை

அண்ணா, உங்க வருத்தம் புரியுது. அந்தத் தாத்தா மேல புகார் கொடுக்க நான் இதை எழுதல. அவர் விசில்தான் அடிச்சார், விசிலுக்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்ல. அதனாலதான் அது என்கிட்டயே இருக்கு.

இப்புருவா மாடி

எல்லாரும் பெரிய மைதானம் பத்திச் சொல்றீங்க. நான் எய்பாரில் இருந்தேன். மெஷின் டூல் கம்பெனி வேலை. மலைக்கு நடுவில் சுமார் 27,000 பேர் இருக்கிற ஊர், 2014இல் முதல் தடவையா லா லிகாவுக்கு ஏறி ஏழு சீசன் தாக்குப் பிடிச்சது. என் அறை ஒரு பாட்டி வீட்டில். பால்கனியில் நின்னா இப்புருவா மைதானம் கீழே தெரியும். அந்தப் பக்கத்து மாடி வீடுகள் பலதில் அப்படித்தான்.

பாட்டிக்கு ஜப்பான் வீரர் தகாஷி இனூயின்னா உயிர். 2015இல் ஜெர்மனியிலிருந்து வந்தார். 2017இல் காம்ப் நோவில் பார்சிலோனாவுக்கு எதிரா ரெண்டு கோல் போட்டார், தோத்த ஆட்டம்தான், ஆனா பாட்டி அதை நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க. 2018இல் பெத்திஸ் அணிக்குப் போனார், அடுத்த வருஷமே திரும்பி வந்தார். "பையன் வீட்டுக்கு வந்துட்டான்"னு அன்னைக்கு எனக்கும் சேர்த்து ஆம்லெட் போட்டாங்க.

அப்புறம் கொரோனா. 2020-21 முழுக்க மைதானத்துக்குள்ள ஒரு ரசிகர் கிடையாது. எத்தனையோ வருஷமா சீட்டு வச்சிருந்த பாட்டி பால்கனிக்கு வந்துட்டாங்க, கழுத்தில் நீலச் சிவப்புத் துண்டோட. அணி தோத்துட்டே இருந்தது, கடைசி இடம், கீழே இறங்கப் போறது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அந்த வசந்தத்தில் ஒரு ஆட்டம், எதிரணி யாருன்னு நினைவில்ல. மழைத் தூறல். இனூயி எங்க பக்கத்துக் கோட்டோரம் த்ரோவுக்குக் காத்திருந்தார். பாட்டி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "தகா!"ன்னு ஒரு குரல் கொடுத்தாங்க.

காலி மைதானம் இல்லையா, குரல் அப்படியே கீழே போச்சு. அவர் நிமிர்ந்தார். எந்த வீடுன்னு தெரியல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பால்கனி பால்கனியா பார்த்தார். அப்புறம் பொதுவா ஒரு கையைத் தூக்கிக் காட்டிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

பாட்டி கை காட்டினாங்க. பக்கத்து வீட்டுக்காரரும் காட்டினார், அதுக்கு அடுத்த வீட்டுப் பசங்களும். காயப்போட்ட துணிக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்த நானும். ஆகஸ்டில் அவர் ஒசாகாவுக்குப் போயிட்டார்.