கையால் வரைந்த ஓட்டக்குதிரை சுழலும்போது ஏன் ஒடுங்கித் தெரிகிறது?

வினா: சித்திர ஆசிரியை, கோண்டாவில்

எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்காக, எட்வெயார்ட் மைபிரிட்ஜ் 1878 இல் எடுத்த குதிரைப் பாய்ச்சல் ஒளிப்படங்களைப் பார்த்து, மாணவர்கள் நீளமான கடதாசிப் பட்டியொன்றில் 12 சித்திரங்களை நீர்வர்ணத்தால் வரைந்து, கறுப்புத் தீந்தை பூசிய மட்டை உருளையின் உட்புறத்தில் பொருத்தியிருக்கிறார்கள். உருளையைச் சுழற்றி, அதன் சுவரில் வெட்டிய கீற்றுத் துளைகளினூடாகப் பார்த்தால் குதிரை பாய்கிறது. ஆனால், அளவு பிசகாமல் வரைந்த அந்தக் குதிரை சுழலும்போது பட்டினி கிடந்த கன்றைப்போல ஒடுங்கிவிடுகிறது. வரைந்ததில் பிழையா, உருளையில் பிழையா? மேலும், இவற்றின் கீழே 'ஒளிப்படப் பிரதி' என்று எழுதுவதை எங்கள் ஆசிரியர் ஒருவர் ஏற்க மறுக்கிறார். அதையும் யாராவது தெளிவுபடுத்தினால் நன்று.

மறுமொழி: இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர், சாவகச்சேரி

இரண்டிலும் பிழையில்லை. உங்கள் பக்கத்துத் துளை வலப்புறம் நகரும்போது, எதிர்ச்சுவரில் உள்ள சித்திரம் இடப்புறம் நகர்கிறது. துளை கண்ணைக் கடந்துபோகும் அந்தச் சிறு நேரத்துக்குள் சித்திரமும் எதிரே ஓடிவருவதால், முழுக் குதிரையும் தன் உண்மையான நீளத்திலும் குறைந்த இடத்துக்குள் பார்வைக்கு அகப்பட்டு முடிந்துவிடுகிறது. உயரத்துக்கு இந்தப் பாதிப்பு இல்லை. எட்டி நின்று பார்த்தால் நீளம் ஏறத்தாழ அரைவாசியாகும். கண்ணைத் துளைக்கு மிக அருகே கொண்டுசென்றால் ஒடுக்கம் குறையும். இதை மாணவர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

மைபிரிட்ஜுக்கும் இதே சிக்கல் இருந்தது. 1879 அளவில் அவர் அமைத்த 'சூப்ராக்ஸிஸ்கோப்' என்னும் திரையீட்டுக் கருவியில், சித்திரங்களைத் தாங்கிய கண்ணாடித் தட்டும் துளைகள் வெட்டிய தட்டும் எதிரெதிராகச் சுழன்றன. ஒளிப்படத்தை அப்படியே கண்ணாடியில் பதித்திருந்தால் திரையில் குதிரை குறுகியிருக்கும். ஆகவே ஒளிப்படங்களிலிருந்து உருவங்களைக் கையால், வேண்டுமென்றே நீட்டி, பெரும்பாலும் கறுப்பு நிழலுருக்களாக வரையச் செய்தார். 1892 தொடக்கம் 1894 வரையான தட்டுகளுக்கு எர்வின் ஃபேபர் என்ற ஓவியர் வரைந்த கோட்டுருவங்கள் கண்ணாடியில் அச்சிடப்பட்டு, பின்னர் கையால் நிறம் தீட்டப்பட்டன. அந்தத் தட்டைச் சும்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குதிரை நீண்ட உடலோடு விகாரமாக இருக்கும், சுழன்றால்தான் சீராகும். அதாவது உங்கள் மாணவர்கள் ஒளிப்படத்துக்கு உண்மையாக இருந்திருக்கிறார்கள், தட்டுக்கு உண்மையாக இருக்கவில்லை.

கட்டம் போட்டுப் பெருப்பிக்கும் முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூலப்படத்தில் சதுரக் கட்டமும், பட்டியில் ஒன்றரை மடங்கு நீளமான கட்டமும் போட்டு ஒரு பட்டி வரையுங்கள். போதாவிட்டால் இன்னும் நீட்டலாம்.

மறுமொழி: ஒளிப்படக் கலைஞர், கொக்குவில்

உங்கள் சக ஆசிரியரின் பக்கமே நான். இந்தப் பெயரிடல் அற்பமான விடயமல்ல, மைபிரிட்ஜே அதில் அகப்பட்டவர். 1877 இல், அமெரிக்கச் செல்வந்தர் லீலண்ட் ஸ்ரான்ஃபோர்டின் 'ஒக்சிடென்ற்' என்னும் குதிரை வேகமாக ஓடுவதை ஒளிப்படமாகப் பிடித்ததாகச் சொல்லி ஒரு படத்தை வெளியிட்டார். உண்மையில் அது, மங்கலான மூலப்படத்தைப் பார்த்து ஜோன் கோக் என்பவர் தீட்டிய ஓவியத்தை மறுபடி ஒளிப்படமெடுத்தது. குதிரை இழுத்த வண்டியின் சாரதியுடைய முகம் மட்டும் ஒளிப்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. பார்த்தவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. அதனால்தான் 1878 யூனில் பாலோ ஆல்ற்றோ ஓட்டத்திடலில் 12 கமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தபோது பத்திரிகையாளரை அழைத்து, தகடுகளை அவ்விடத்திலேயே கழுவிக் காட்டினார் என்று நினைக்கிறேன்.

மறுபுறத்தில், ஓவியரின் கையைக் குறைத்து மதிப்பதும் சரியல்ல. அக்காலத்து ஈரத்தகடுகளின், அதாவது மருந்து பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தகடுகளின், ஒளியுணர்திறன் மிகக் குறைவு. அத்தனை சிறிய நேரத்தில் கிடைத்தவை வெள்ளைப் பின்னணிக்கு எதிரே தெரிந்த கருநிழல்கள்தாம். அவற்றைத் திரையில் காட்டக்கூடியதாக்கியது தூரிகை. 'ஒளிப்படத்தைப் பார்த்துக் கையால் வரைந்தது' என்று எழுதுங்கள். நீட்டிய பட்டியாயின் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மறுமொழி: சவாரிப் பிரியன், வட்டுக்கோட்டை

ஆசிரியை அவர்களே, நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழும் சித்திரத்தை ஒருமுறை சரிபாருங்கள். கால்கள் வயிற்றின் கீழே ஒடுங்கியிருக்கும் நிலையில்தான் அது நிகழ்கிறது. முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் விரிந்து பறப்பதாக ஐரோப்பிய ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்ததைத்தான் 1878 இன் படங்கள் பொய்யாக்கின. கோயில் குதிரை வாகனத்தைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளும் முன்னங்கால்களைத் தங்களை அறியாமலே தூக்கிவிடுவார்கள். வாகனத்துக்கு அது அழகு, இந்தப் பட்டிக்கு ஆகாது.

இரண்டாவது பட்டியாக மாட்டுவண்டிச் சவாரியை வரையலாமே. கைப்பேசியில் மெதுவோட்டமாகப் பதிவுசெய்து, ஒரு முழு அடிவைப்பை 12 ஆகப் பிரித்தெடுத்தால் மூலப்படங்கள் நம்முடையவையாகவே இருக்கும். துளைகள் 12 ஆக இருக்க, சித்திரங்களை 13 ஆக்கினால் மாடுகள் நின்ற இடத்திலேயே ஓடாமல் இடம்பெயர்ந்து ஓடும். பின்னோக்கிப் போனால் 11 ஆக்கிப் பாருங்கள்.