பிஎஸ்பி 3000 சார்ஜர் வயர் சொருகுற பின் கிட்ட விட்டுப்போச்சு: ஒட்டலாமா, மாத்தணுமா?

கேள்வி

வணக்கம். பிஎஸ்பி 3000-ஓட (சோனியோட கையடக்க கேம் கருவி) சார்ஜர். கருவியில சொருகுற பின் பக்கம், ரப்பர் கழுத்து முடியுற இடத்துல மேலுறை கிழிஞ்சு செம்பு இழை வெளிய தெரியுது. வயரை ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சா ஆரஞ்சு விளக்கு எரியுது, கையை எடுத்தா அணைஞ்சிடுது. இன்சுலேஷன் டேப் சுத்தினேன், ரெண்டு நாள் ஓடுச்சு. இப்ப அந்த இடம் தொட்டா சுடுது.

அடாப்டர்ல 5 வோல்ட்னு போட்டிருக்கு. உள்ள சிவப்பு, கறுப்புன்னு எதுவும் இல்ல. நடுவுல ஒரு வெள்ளை வயர், அதைச் சுத்தி வெறும் செம்பு இழைதான். இதுல எது பிளஸ்? மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் கையில இருக்கு. வெட்டி ஒட்டலாமா, வேற சார்ஜர்தான் வாங்கணுமா?

பதில் 1

முதலில் அந்த வயரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். சுடுகிறது என்றால் பெரும்பாலான இழைகள் அறுந்து, மிச்சம் இருக்கும் நாலைந்து இழை வழியாக முழு கரண்டும் போகிறது என்று அர்த்தம். அந்த ஒரு புள்ளியில் அரை ஓம் தடை இருந்தால் போதும், 1.5 ஆம்ப் ஓடும்போது 1 வாட்டுக்கு மேல் சூடு அங்கேயே தங்கும். மேலே டேப் சுற்றியிருப்பதால் சூடு வெளியேறவும் வழியில்லை. டேப்பின் பசை இளகும், உள் வயரின் உறை உருகும், கடைசியில் இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன் குற்றம் வயரில்தானா என்று உறுதிசெய்யுங்கள். பிஎஸ்பியில் ஒரு வசதி: பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டுமே ஓட்டலாம். கழற்றி, வயரை முன்பு விளக்கு எரிந்த அதே நிலையில் பிடித்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். ஆன் ஆகி, வயரை அசைத்தால் அணைந்தால் கோளாறு வயரில். அசைக்காமல் பிடித்தும் ஆன் ஆகவே இல்லை என்றால் கருவியின் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். பேட்டரி கையில் இருக்கும்போதே அதை மேசைமேல் வையுங்கள். தட்டையாகப் படியாமல் ஆடினால் அது உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யவே கூடாது.

பிளஸ் எது என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம். இந்த அமைப்பில் வழக்கமாக நடு வயர் பிளஸ், சுற்றியுள்ள இழை மைனஸ். ஆனாலும் மீட்டரில் பார்க்காமல் சால்டர் வைக்காதீர்கள். வெட்டிய பிறகு அடாப்டர் பக்கத்து முனைகளை உரித்து, ஒன்றை ஒன்று தொடாமல் விலக்கி வைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில். சிவப்பு முனை நடு வயரில், கறுப்பு முனை இழையில். மைனஸ் குறி இல்லாமல் 5-ஐ ஒட்டிக் காட்டினால் நடு வயர் பிளஸ். மைனஸ் குறியோடு காட்டினால் தலைகீழ்.

பிஎஸ்பிக்கு பின்னின் உள்துளை பிளஸ், வெளிக்குழாய் மைனஸ். அடாப்டரின் மேல் இருக்கும் வட்டப் படத்திலும் இதைச் சரிபார்க்கலாம்: நடுப்புள்ளியில் இருந்து போகும் கோடு + குறியில் முடியும். மாற்றிக் கொடுத்தால் கருவியின் போர்டே பழுதாகலாம்.

பதில் 2

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். வயரை வெட்டாமல் பின்னில் மீட்டரை வைத்துப் பார்த்து "5 வோல்ட் வருகிறதே, வயர் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 5 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. கருவியைச் சொருகியதும்தான் வோல்ட் விழும்.

இனி வேலை. உங்களுக்கு அறுந்திருப்பது கழுத்தை ஒட்டி. பின் பக்கம் ஒட்டுவதற்கு வயரே மிச்சம் இல்லை. அதனால் பழைய பின்னைத் தூக்கிப்போட்டுவிட்டு, சால்டர் வைக்கும் வகைப் புதுப் பின் வாங்குங்கள். அளவு: வெளி விட்டம் 4.0 மி.மீ., உள்துளை 1.7 மி.மீ. இதைச் சொல்லியே கேளுங்கள். 3.5-க்கு 1.35 பின் பார்க்க இதைப்போலவே இருக்கும், ஆனால் பொருந்தாது. அழுத்தித் திணித்தால் சாக்கெட்டின் நடு ஊசி போய்விடும்.

கிழிசலில் இருந்து அடாப்டர் பக்கமாக 3 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். இழை ரோஜா நிறமாகப் பளிச்சென்று இருக்கிறதா பாருங்கள். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் 2 செ.மீ. வெட்டுங்கள். கருத்த செம்பில் சால்டர் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு விழும். சுரண்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்; சுரண்டினால் பாதி இழை போய்விடும்.

அயர்னைத் தொடும் முன் பின்னின் மூடியை வயரில் கோத்துவிடுங்கள், கூடவே 4 செ.மீ. ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வும் குழாய்) ஒன்றும். இதை மறந்துவிட்டு, சால்டர் முடிந்த பிறகு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

மேலுறையை 12 மி.மீ. உரியுங்கள். பிளேடை அழுத்தாமல் வயரைச் சுற்றி லேசாக உருட்டினால் போதும். வெளி இழைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி முறுக்கி ஒரே கம்பியாக்குங்கள். நடு வயரை 3 மி.மீ. மட்டும் உரியுங்கள். இரண்டு முனைக்கும் பிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி முதலிலேயே கொஞ்சம் சால்டர் ஏற்றிவிடுங்கள். பின்னின் இரு காதுகளுக்கும் (வயரைச் சால்டர் வைக்கும் தகடுகள்) அப்படியே. குட்டைக் காது உள்துளைக்கு, நீளக் காது வெளிக்குழாய்க்கு; மீட்டரின் கன்டினியூட்டி பீப் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பின்னைப் பழைய சாக்கெட் ஒன்றில் சொருகி வைத்துச் சால்டர் வையுங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். 3 வினாடிக்கு மேல் அயர்னை வைத்தால் அது இளகி உள்குழாய் சாய்ந்துவிடும். சாக்கெட்டில் இருந்தால் சாயாது. நடு வயரை முதலில், வெளி இழையைப் பிறகு. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையைக் கண்ணை ஒட்டி வைத்துத் தேடுங்கள். ஷார்ட் ஆவது பெரும்பாலும் அந்த ஒற்றை இழையால்தான்.

கடைசியாக, ஒட்டிய வயர் ஏன் மறுபடியும் அறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சால்டர் இழைகளுக்குள் ஊறி ஏறும். ஊறிய இடம் கம்பிபோல விறைத்துவிடும், அது முடியும் இடத்தில்தான் அடுத்த மடிப்பு விழும். ஆகவே நீளக் காதின் இடுக்கியால் வயரை மேலுறையோடு சேர்த்துக் கவ்வ விடுங்கள், வெறும் இழையை மட்டும் கவ்வக் கூடாது. பின்னின் மூடியைத் திருகி, ஷ்ரிங்க் டியூபை மூடியின் வாலில் பாதியும் வயரில் பாதியுமாக நிறுத்திச் சூடு காட்டுங்கள். விறைத்த பகுதி முழுதும் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும்.

இன்னொருவர் கேட்டது

எனக்கும் இதே சார்ஜர்தான், ஆனா வயர் நடுவுல நைஞ்சிருக்கு. அடாப்டர் பெட்டியை ஒட்டியும் லேசா விரிசல். பெட்டியைத் திறந்து புது வயர் போட்டுடலாமா அண்ணா?

பதில் 2

திறக்காதீங்க தம்பி. 230 வோல்ட் லைனில் ஓடும் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே தங்கும். மேலும் ஒட்டி மூடப்பட்ட பெட்டியை உடைத்தால் பழைய பாதுகாப்பு திரும்பாது. பெட்டியை ஒட்டிய விரிசலில் இழை தெரிந்தால் அந்த அடாப்டரையே மாற்றிவிடுங்கள்.

நடுவில் நைந்ததை ஒட்டலாம். இரண்டு இணைப்பும் நேருக்கு நேர் வரக் கூடாது. நடு வயரை ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் வெட்டி, பிளஸ் இணைப்புக்கும் மைனஸ் இணைப்புக்கும் 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். உள்ளே டியூப் சுருங்காமல் போனாலும் ஒன்றோடு ஒன்று தொடாது. ஒவ்வொன்றுக்கும் சின்ன டியூப், எல்லாவற்றுக்கும் மேல் உள்ளே பசை பூசிய டியூப் 5 செ.மீ. முறுக்கி டேப் மட்டும் சுற்றும் வேலை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

பின் மாத்திட்டேன். நடு வயர்தான் பிளஸ், மீட்டர்ல 5.1 காட்டுது. வெட்டினதுல வயர் குட்டையாயிடுச்சுன்னு ஒரு பழைய டேட்டா கேபிளோட சிவப்பு, கறுப்பு வயரை ஒன்றரை மீட்டர் நடுவுல சேர்த்தேன். அணைச்சு வெச்சா சார்ஜ் ஏறுது. ஆனா விளையாடிக்கிட்டே சார்ஜ் போட்டா ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரியுது.

பதில் 1

சேர்த்த வயர்தான் காரணம். டேட்டா கேபிள்களில் பெரும்பாலும் 28 கேஜ் வயர் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லிசு) இருக்கும். அதன் தடை மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒன்றரை மீட்டர் போக, ஒன்றரை மீட்டர் வர, மொத்தம் 3 மீட்டர்: 0.64 ஓம். 1 ஆம்ப் ஓடினால் 0.64 வோல்ட் வயரிலேயே போய்விடும், 1.5 ஆம்ப் என்றால் ஏறக்குறைய 1 வோல்ட். அடாப்டரில் 5.1 இருந்தாலும் கருவிக்குப் போய்ச் சேர்வது 4-ஐ ஒட்டித்தான். அணைத்து வைத்தால் இழுப்பு குறைவு, அதனால் தாக்குப்பிடிக்கிறது.

சேர்த்ததை எடுத்துவிடுங்கள். நீளம் கட்டாயம் வேண்டும் என்றால் 22 கேஜ் இரட்டை வயர் போடுங்கள். அதே நீளத்துக்குத் தடை 0.16 ஓம், 1.5 ஆம்பில் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். அதைவிட நல்லது, அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு அருகில் கொண்டுவருவது.

பதில் 3

அதுவரை கருவி சும்மா கிடக்க வேண்டாம். 3000-ஐ யூஎஸ்பி வழியாகவும் சார்ஜ் செய்யலாம், 2000-லும் உண்டு, 1000-ல் கிடையாது. மினி-பி (பழைய வகைச் சின்ன யூஎஸ்பி முனை) கேபிள் வேண்டும், செட்டிங்ஸில் யூஎஸ்பி சார்ஜ் என்பதை ஆன் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் தரும், ஆகவே மெதுவாகத்தான் ஏறும்.

யூஎஸ்பி கேபிளை வெட்டி இந்தப் பின்னைச் சேர்க்கவும் முடியும்: சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்பது வழக்கம், இங்கேயும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். பச்சை, வெள்ளை டேட்டா வயர்கள் இரண்டையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தனித்தனியாக மூடிவிடுங்கள். மறுமுனை ஏ-டைப்பாக இருக்கட்டும். சி-டைப்பிலிருந்து சி-டைப்புக்குப் போகும் கேபிளை வெட்டினால் சார்ஜர் வோல்ட்டே தராது, ஏனென்றால் கருவிப் பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால்தான் அது கதவைத் திறக்கும்.

கேள்வி கேட்டவர்

டேட்டா வயரை எடுத்துட்டு நேரா பின் வெச்சேன். விளையாடும்போதும் விளக்கு நிலையா எரியுது. வேற எதையாவது பார்க்கணுமா அண்ணா?

பதில் 2

20 நிமிடம் விளையாடிக்கொண்டே சார்ஜ் போடுங்கள், பிறகு பின்னின் மூடியை விரலால் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பின் மட்டும் பெட்டியைவிடச் சூடாக இருந்தால் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. திறந்து பார்த்தால் இணைப்பு மங்கலாக, பொரிந்ததுபோல் இருக்கும். பிளக்ஸ் தடவி, அயர்னை 2 வினாடி வைத்து மறுபடி உருக்குங்கள், பளபளப்பாகி இழைக்குள் படியும். சுருட்டி வைக்கும்போது அடாப்டர்மேல் இறுக்கிச் சுற்றாமல் கையகல வளையமாகத் தனியே சுருட்டுங்கள், பின்னின் கழுத்தில் மடிப்பு விழாது.